75 கண்ணி, இரண்டு பை: கீமோவுக்குப் போகும் அக்காவுக்கு ஒரு சால்வை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எங்கள் ஊர்ச் சர்ச் ஹாலில் வாரம் ஒரு மாலை பெண்கள் கூடி உட்கார்ந்து சால்வை பின்னுகிறோம். கடும் நோயில் இருப்பவர்களுக்காக, அவர்களை நினைத்து வேண்டிக்கொண்டே பின்னுவது. முடிந்ததும் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து, காசு வாங்காமல் கொடுத்துவிடுவது. பிரார்த்தனைச் சால்வை என்று பெயர். இந்த வழக்கம் இப்போதுள்ள வடிவத்தில் பரவத் தொடங்கியதே இந்த மாநிலத்தில்தான். ஹார்ட்ஃபோர்ட் செமினரியில் பெண்களுக்கான தலைமைப் பயிற்சியை 1997-ல் முடித்த ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கோல்-காலோ என்ற இருவர் 1998-ல் ஆரம்பித்து வைத்தார்கள். இன்று பல சமயத்தாரும், எந்தச் சமயமும் வேண்டாம் என்பவர்களும்கூட இதே முறையில் பின்னிக் கொடுக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் தமிழச்சி நான் ஒருத்திதான், இந்துவும் நான் ஒருத்திதான். குன்னூரில் வளர்ந்தவள் என்பதால் ஸ்வெட்டர் பின்னுவது சின்ன வயதுப் பழக்கம். "உங்கள் சாமியை நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள், எங்கள் சாமியை நாங்கள் வேண்டிக்கொள்கிறோம், நூல் ஒன்றுதானே" என்று சொல்லி ஊசியைக் கையில் கொடுத்தார் கூட்டத்தை நடத்தும் மூதாட்டி. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இங்கே எழுதப்போவது ஒரே ஒரு சால்வையைப் பற்றி. மிடில்டவுன் கோயிலில் பழக்கமான ஓர் அக்கா, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து கீமோ தொடங்கியிருந்தார். அவருக்காகப் பின்னியது. யாருக்குப் பின்னுகிறோமோ அவருடைய உடம்பை விசாரித்துவிட்டுத்தான் நூலைத் தொட வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் அன்பு நிறைய இருக்கும், ஆனால் கொண்டுபோய்க் கொடுத்த சால்வை நோயாளிக்குப் பயன்படாமல் அலமாரியில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் சால்வைகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில் அனுமதி கேட்டேன். நம் ஆட்களிடம் இது ரொம்ப முக்கியம். புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லாத குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். சர்ச்சில் பெயர் சொல்லி வேண்டும் வழக்கம் இருக்கிறது, அது நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்தப் பெயர் சுற்றிச் சுற்றித் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டால் நாம் செய்தது உபகாரம் ஆகாது.

"அக்கா, உங்களுக்கு ஒரு சால்வை பின்னட்டுமா? சர்ச்சுல எல்லாரும் சேர்ந்து வேண்டிப்பாங்க. உங்க பேரைச் சொல்லலாமா?"

"பின்னு. பேரெல்லாம் வேண்டாம்மா. 'என் அக்கா'ன்னு சொல்லு போதும். சாமிக்கு அட்ரஸ் தெரியும்."

அப்படியே சொன்னேன். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அவர் இன்றுவரை 'உன் அக்கா'தான்.

அடுத்து மருந்து. அவருக்கு 14 நாளுக்கு ஒருமுறை கீமோ. அதில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் உண்டு. இந்த மருந்து ஏறியபின் சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் சுரீரென்கும். பிரிட்ஜில் கைவிட முடியாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். குளிர்காலக் காற்றை நேராக மூச்சில் இழுத்தாலும் அதே கதை. இங்கே ஜனவரியில் கார்க் கதவின் பிடியைத் தொடுவதே அவருக்குத் தண்டனையாக இருந்தது. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றிய பிறகு, மீதி மருந்தைச் சின்னப் பம்ப் ஒன்றில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 46 மணி நேரம் அது இடுப்புப் பையில் இருந்தபடி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட் வழியாக மருந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். இரவு தூங்கும்போதும் அந்தக் குழாய் கூடவே.

இவ்வளவும் தெரிந்த பிறகு சால்வை எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிட்டது. முன்பக்கம் திறந்திருக்க வேண்டும், நர்ஸ் போர்ட்டைத் தொட அவர் எதையும் கழற்ற வேண்டியிருக்கக் கூடாது. கை இரண்டையும் நுழைத்துக்கொள்ளப் பை வேண்டும். ஒரு முனையைத் தூக்கி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள நீளம் வேண்டும். குஞ்சம் கூடாது. பிரார்த்தனைச் சால்வை என்றாலே ஓரத்தில் நீளமான குஞ்சம் தொங்குவது இங்கே பழைய வழக்கம், பார்க்கவும் அழகு. குழாயோடு இருப்பவருக்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் அது மாட்டி இழுக்கும். எங்கள் கூட்டத்தில் இதற்குச் சின்ன வாக்குவாதம் நடந்தது. குஞ்சத்தின் முடிச்சுகளில்தான் வேண்டுதல் இருக்கிறது என்றார் ஒருவர். அந்த முடிச்சை நான் பையின் உள்ளே, மூலையில் போட்டுவிடுகிறேன் என்றேன். அவருக்கும் நிறைவு, எனக்கும் நிறைவு.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை, வெளிர் ஊதா, இளநீலம் இதெல்லாம் இவர்களுக்கு அமைதியைத் தரும் நிறங்கள். நோயில் படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினால் பார்க்கிறவர் மனம் வேறெங்கோ போகும். கறுப்பும் வேண்டாம். அக்காவிடமே கேட்டேன். அரக்கு, கூடவே கொஞ்சம் மாம்பழ மஞ்சள் என்றார். கல்யாணப் புடவை நிறம். அரக்கில் இன்னொரு வசதி, சூப் கொட்டினாலும் மருந்துக் கறை பட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

நூல். தொடக்கத்திலிருந்து பரவியிருக்கும் முறையில் தடித்த நூலும் 8 மி.மீ. ஊசியும் எடுத்து, 57 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றுவார்கள். வேகமாக வளரும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் முழுச் சால்வை அரைக் கிலோ எடை வந்துவிடும், பையும் சேர்த்தால் அதற்கும் மேல். எடை குறைந்து தோள் எலும்பு தெரிய இருப்பவருக்கு அது பாரம். அதனால் நடுத்தரப் பருமனுள்ள அக்ரிலிக் நூல் எடுத்தேன். 100 கிராம் கண்டு, அரக்கில் மூன்று, மஞ்சளில் ஒன்று. 6 மி.மீ. ஊசி. கம்பளி நல்லதுதான், ஆனால் கீமோவில் தோல் வறண்டு போனவர்களுக்கு அரிக்கும், வாஷிங் மெஷினில் தெரியாமல் போட்டுவிட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். நோயாளி வீட்டில் யாருக்கும் கையால் அலசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. முடி முடியாக உதிரும் மோஹேர், அங்கோரா வகைகளைத் தொடவே வேண்டாம்.

நேராகச் சால்வையை ஆரம்பிக்காமல் 21 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, வாஷரிலும் டிரையரிலும் போட்டு எடுத்தேன். இது சோம்பலாக இருக்கும், ஆனால் செய்தே ஆக வேண்டும். துவைத்த பிறகுதான் நூலின் உண்மையான குணம் தெரியும். 10 செ.மீ.க்கு 16 கண்ணி நின்றது. சாயம் போகவில்லை. கன்னத்தில் அரை மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், உறுத்தவில்லை. அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது. சூட்டில் உயிர் போய்த் துவண்டுவிடும், பிறகு மீட்க முடியாது.

75 கண்ணி ஏற்றினேன். அகலம் 47 செ.மீ. வரும். ஏற்றும்போது மட்டும் 6.5 மி.மீ. ஊசி, அப்போதுதான் ஓரம் இறுகாது. நேர் ஊசிக்குப் பதில், இரண்டு முனையை வடத்தால் இணைத்த 80 செ.மீ. சர்குலர் ஊசி எடுத்ததால் சால்வையின் எடை மடியில் கிடந்தது, மணிக்கட்டு தப்பித்தது.

பின்னல் முறை மிக எளிது. நிட் என்பது நேர்ப் பின்னல், பர்ல் அதன் மறுபக்கம். மூன்று நிட், மூன்று பர்ல், மறுபடி மூன்று நிட், மூன்று பர்ல். 75-ஐ மூன்று மூன்றாகப் பிரித்தால் 25 கூறு, ஒற்றைப்படை. அதனால் வரிசை நிட்டில் தொடங்கி நிட்டில் முடியும். திருப்பிப் பிடித்து மறுபடியும் நிட்டிலேயே தொடங்க வேண்டும். எங்கே விட்டோம் என்று மறந்தால் ஊசியில் இருப்பதைப் பார்த்தால் போதும். எதிரே மொட்டு மொட்டாகத் தெரிந்தால் நிட், வழவழவென்று தெரிந்தால் பர்ல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் சுருண்டுகொள்ளாது. தோளில் எப்படித் தூக்கிப் போட்டாலும் 'தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்' என்று யாரும் சொல்ல முடியாது. களைத்துப்போன ஆளுக்கு இது பெரிய சலுகை.

மூன்று என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்வார்கள். கிறித்தவர்களுக்குத் திரித்துவம், மற்றவர்களுக்கு உடல், மனம், ஆன்மா. எனக்கு அது வேறு விதமாக அமைந்தது. முதல் வரிசையிலேயே உதடு தானாக முணுமுணுத்தது. ஓம், ந, ம என்று மூன்று நிட். சி, வா, ய என்று மூன்று பர்ல். ஆறு கண்ணிக்கு ஒரு முறை. வரிசைக் கடைசியில் 'ஓம் நம' என்று பாதியில் நிற்கும். திருப்பிப் பிடித்ததும் 'சிவாய' என்று நிட்டில் தொடங்கும். இரண்டு வரிசை முடியும்போது 150 கண்ணி, 25 முறை, மீதியில்லாமல் முடியும். அதனால் எப்போது எழுந்தாலும் இரட்டை வரிசையில்தான் எழுவேன். எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஏசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னுவார். இரண்டு பேரின் ஊசியும் ஒரே தாளத்தில் இடிக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த ஜபங்களில் இவ்வளவு சிதறாமல் செய்தது வேறு இல்லை, ஏனென்றால் மனம் சிதறினால் பின்னல் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா நேரமும் மந்திரம்தான் என்று சொல்ல மாட்டேன். ஸ்கேன் முடிவு வர வேண்டிய வாரத்தில் வாயில் எதுவும் வரவில்லை. வெறுமனே பின்னினேன். அதுவும் கணக்கில் சேரும் என்றுதான் நம்புகிறேன்.

வாசனை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கீமோ எடுப்பவர்களுக்கு வாசனை பகை. நமக்கு மல்லிகையாக மணப்பது அவர்களுக்குக் குமட்டும். நூலோ வாசனையைப் பஞ்சாக உறிஞ்சும். நம் வீட்டில் தாளிப்பு, சாம்பிராணி, ஊதுவத்தி, பீரோவில் நாப்தலின் உருண்டை. பின்னும் காலம் முழுக்கச் சால்வையை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டு, சமையலறையிலிருந்து தூரமான அறையில் வைத்தேன். சமையல் நடக்கும் நேரத்தில் எடுக்கவே இல்லை. கடைசியில் மணமே இல்லாத சோப்புத் தூளில் துவைத்தேன், துணி மிருதுவாக்கும் திரவம் சேர்க்கவில்லை. நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் பின்னுபவர்கள் இன்னும் ஒருபடி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கீமோவில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலம் அது. எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கும் வார்டு என்றால், கொடுப்பதற்கு முன் வெளியிலிருந்து துணி அனுமதிப்பார்களா என்று நர்ஸிடம் கேட்டுவிடுவது நல்லது.

மஞ்சளை இரண்டு முனையிலும் பட்டையாக வைத்தேன். பையாக மடியப் போகும் பகுதி அது. புது நூல் சேர்க்கும்போதெல்லாம் வரிசையின் ஓரத்தில்தான் சேர்த்தேன், நடுவில் முடிச்சுப் போடவில்லை. முடிச்சு சரியாக முதுகெலும்பு மேல் வந்து உட்கார்ந்தால் சாய்ந்து கிடப்பவருக்கு நரகம். இரண்டு பக்கமும் 15 செ.மீ. வால் விட்டு, பிறகு மொட்டை ஊசியால் முதலில் ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த் திசையிலும் ஓட்டினேன். ஒரே திசையில் ஓட்டினால் துவைக்கத் துவைக்க நழுவி வெளியே வரும்.

190 செ.மீ. வந்ததும் கண்ணிகளைத் தளர்வாக முடித்தேன். இரண்டு முனையையும் 20 செ.மீ. மேல்நோக்கி மடித்து, அதே நூலால் பக்கவாட்டில் தைத்தேன். சால்வை 150 செ.மீ. நிற்கும், கழுத்தைச் சுற்றிப் போட்டால் பைகள் இடுப்புக்குப் பக்கத்தில் வரும், கை இயல்பாகப் போய்ச் சேரும் இடம். அகலமான பை தொய்ந்து வாய் திறக்கும் என்பதால் நடுவில் ஒரு நெட்டுத் தையல் போட்டு ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் கை, மற்றதில் போன். பையின் எடை சால்வை தோளிலிருந்து நழுவாமலும் பிடித்துக்கொள்ளும், எனவே ஊக்கு, புரூச் எதுவும் தேவையில்லை. ஸ்கேனுக்குப் போகும்போது உலோகம் என்று கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

கொடுக்கும்போது அக்காவிடம் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொன்னேன். "பம்ப்பை மட்டும் இந்தப் பையில வைக்காதீங்கக்கா. சால்வை நழுவினா குழாயை இழுத்துடும். அது இடுப்புப் பையிலயே இருக்கட்டும்."

ஆசீர்வாதம் எங்கள் கூட்டத்தில் ஆடம்பரமில்லாமல் நடக்கும். சால்வை கை மாறி மாறி ஒரு சுற்று வரும். ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பார்கள். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. நோய் குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நோயை மருந்து பார்த்துக்கொள்ளட்டும். நடுக்கத்தையும், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது இருக்கும் தனிமையையும் கொஞ்சம் இந்தச் சால்வை பார்த்துக்கொள்ளும். கூடவே ஒரு சின்ன அட்டை வைப்போம். நூல் என்ன, எப்படித் துவைப்பது, இஸ்திரி வேண்டாம், திருப்பி நன்றி சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை. கடைசி வரியைத் தமிழிலும் எழுதினேன். நம் ஆட்களுக்கு எதை வாங்கினாலும் எதிர்மரியாதை செய்யாவிட்டால் தூக்கம் வராது. நோயாளி தலையில் அந்தச் சுமையையும் ஏற்றக் கூடாது.

அக்கா அதை நான் நினைத்ததைவிட அதிகமாகப் பயன்படுத்தினார். ஆஸ்பத்திரி நாற்காலியில், காரில், வீட்டில் சோபாவில். அதனாலேயே சில சுற்றுகளுக்குப் பிறகு சால்வை என்னிடம் மராமத்துக்கு வந்தது. சாய்வு நாற்காலியின் நெம்புகோல் பிடியில் பையின் மேல் மூலை மாட்டி, எழுந்த வேகத்தில் தையல் பிய்ந்து, கீழே இருந்த பின்னலும் நான்கைந்து கண்ணி அறுந்திருந்தது. "வேற ஒண்ணு பின்னிக்கலாம்மா, விடு" என்றார். ஆனால் அதை விட்டுக்கொடுக்கும் குரலாக அது இல்லை. இதையேதான் சரிசெய்ய வேண்டும் என்று எடுத்துவந்தேன்.

பின்னல் அறுந்தால் முதலில் செய்ய வேண்டியது, எதையும் வெட்டாமல் இருப்பது. திறந்து நிற்கும் கண்ணி ஒவ்வொன்றிலும் மெல்லிய வேறு நிற நூலைக் கோத்துவிட வேண்டும், அதற்குமேல் இறங்காது. அறுந்த நூலின் இரு முனைகளையும் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து நிதானமாக உருவி, பின்னால் ஓட்டும் அளவுக்கு வால் நீளமாகும்வரை பிரித்தேன். பிறகு மொட்டை ஊசியில் புது நூல் கோத்து, பழைய நூல் போன வழியிலேயே போனேன். கீழ் வரிசைக் கண்ணிக்குள் ஏறி, மேல் வரிசைக் கண்ணிக்குள் வளைந்து, மறுபடி கீழே. பக்கத்தில் உடையாத இடத்தைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் அந்த இடம் சுருங்கிவிடும், ஒவ்வொரு கண்ணியையும் அயல் கண்ணியின் அளவுக்குத் தளர்த்தி விட்டேன். கடைசியாக அடையாள நூலை உருவினேன்.

புது நூல் பளிச்சென்று தனியாகத் தெரியவில்லை. மீந்த நூலைச் சும்மா எடுத்து வைக்காமல் சின்ன வலைப்பையில் போட்டு, சால்வையை முதலில் துவைத்தபோதே கூடத் துவைத்து வைத்திருந்தேன். அக்கா வீட்டிலும் ஒரு சிட்டம் அதே மாதிரி கொடுத்திருந்ததால், அது சால்வையோடு சேர்ந்தே துவைபட்டு அதே அளவு பொங்கியிருந்தது. மராமத்துக்கு அதைத்தான் எடுத்தேன். பின்னுபவர்கள் எல்லோரும் ஒரு 10 கிராமாவது இப்படிக் கொடுத்து வையுங்கள்.

பை மூலைகள் நான்கிலும் குரோஷா ஊசியால் இரட்டை இழையில் நெருக்கமாக ஐந்து பிடிப்புகள் போட்டேன். எடை முழுதும் அந்த மூலையில்தான் விழுகிறது. இப்போதெல்லாம் பை வைத்த சால்வை எதுவானாலும் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுகிறேன்.

அக்காவின் மருந்துச் சுற்றுகள் முடிந்துவிட்டன. விரல்நுனி மரத்துப்போவது மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. இந்த மருந்தில் அது மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் நீடிக்கும். ஆகவே பைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கூட்டத்தில் அடுத்து என்னிடம் வந்திருப்பது, நுரையீரல் நோயால் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கான சால்வை. அவருக்கு அக்ரிலிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி பட்டாலும் எதுவும் வேகமாகப் பற்றும், அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி அக்ரிலிக் அளவுக்கு எளிதில் பற்றாது, உருகாது. மெஷினில் துவைக்கக்கூடிய மெல்லிய மெரினோ வகையில் தேடி, நீலச் சாம்பல் நிறத்தில் வாங்கியிருக்கிறேன். அவருக்குச் சால்வை தோளுக்கு வேண்டாம், மூக்குக்குழாய் காதைச் சுற்றி வருவதால் கழுத்தருகே எதுவும் பிடிக்கவில்லையாம். முழங்காலுக்கு மேல் போட்டுக்கொள்கிற அளவில் கேட்டிருக்கிறார். 99 கண்ணி ஏற்றினால் சரியாக வரும் என்று நினைக்கிறேன், மூன்று மூன்றாக 33 கூறு. மாதிரித் துண்டு வாஷரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அளவு பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.